எழுந்து நிற்பதுதான் பாதி சிகிச்சை

2006 மே 21. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கென்னட் ஸ்கொயர் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் நியூ போல்டன் சென்டர் கால்நடை மருத்துவமனை. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அறுவை சிகிச்சை அப்போதுதான் முடிந்திருக்கிறது. மேசையில் கிடக்கும் மூன்று வயதுக் குதிரையின் வலது பின்னங்காலுக்குள் ஓர் உலோகத் தகடும் 27 திருகுகளும் இறங்கியிருக்கின்றன. மனிதர் என்றால் இந்நேரம் வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். இங்கே பாரந்தூக்கி ஒன்று, மயக்கம் தெளியாத குதிரையை வார்களில் தொங்கவிட்டபடி நகர்கிறது. அது குதிரையைக் கொண்டுபோய் இறக்கும் இடம் ஒரு குளம்.

குளத்தில் ரப்பர் படகு மிதக்கிறது. படகின் அடியில் நான்கு கால்களுக்கும் நான்கு ரப்பர் உறைகள் உண்டு. உடல் படகின் மேல் இருக்கும். கால்கள் உறைகளுக்குள், ஈரம் படாமல் தண்ணீரில் தொங்கும். மயக்கம் தெளியும்போது குதிரை எவ்வளவு உதைத்தாலும் காலில் எதுவும் மோதாது. முழுதாக விழித்த பிறகு மறுபடியும் தூக்கி, லாயத்தில் நிற்க வைப்பார்கள். அந்த மருத்துவமனையின் எலும்பு அறுவை முன்னோடியான ஜாக் ஜென்னியின் யோசனையில் பிறந்த ஏற்பாடு இது.

அன்று படகில் மிதந்த குதிரையின் பெயர் பார்பரோ. இரண்டே வாரங்களுக்கு முன் கென்டக்கி டெர்பி பந்தயத்தை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றிருந்தது. முந்தைய நாள் பால்டிமோரில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில், ஓடத் தொடங்கிய சில விநாடிகளிலேயே கால் முறிந்தது. குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் எலும்பு 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. அதற்கு மேலுள்ள மூட்டு விலகியிருந்தது. அறுவை செய்த டீன் ரிச்சர்ட்சன், வெற்றிகரமாக முடித்த பிறகும், பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றுதான் செய்தியாளர்களிடம் சொன்னார்.

அவர் அடக்கத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. குதிரையின் மூட்டையும் எலும்பையும் பழுதுபார்க்கும் கைத்திறன் மருத்துவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. கருப்பை, சினைப்பை, விதை என இனப்பெருக்க உறுப்புகளில் செய்யும் அறுவைகளும் அப்படியே. படுக்க வைத்த குதிரையை மறுபடி நான்கு காலில் நிற்க வைப்பதுதான் இன்றுவரை பெரும்பாடு. கடந்த அரை நூற்றாண்டில் குதிரை அறுவை மருத்துவம் கண்ட முன்னேற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

படுக்கத் தெரியாத நோயாளி

வளர்ந்த பந்தயக் குதிரை ஏறக்குறைய 500 கிலோ எடை இருக்கும். அதை மயக்கிப் படுக்க வைத்ததுமே அதன் எடை அதற்கே எதிரியாகிறது. வயிற்றுக்குள் இருக்கும் பெருங்குடல் நுரையீரலை அழுத்துகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. அடிப்பக்கத் தசைகள் ரத்தம் போகாமல் நசுங்குகின்றன. ரத்த அழுத்தம் சிறிது நேரம் இறங்கினாலும், விழித்தெழும்போது அந்தத் தசைகள் குதிரையைத் தாங்காது.

அடுத்தது விழிப்பு. குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. தரையில் கிடக்கிறோம் என்று உணர்ந்த கணமே எழுந்து ஓட வேண்டும் என்பது அதன் உடம்பில் ஊறிய பாடம். மயக்கம் பாதி தெளிந்த நிலையில், கால்கள் இன்னும் தளர்ந்திருக்கும்போதே துள்ளி எழப் பார்க்கும். அப்போதுதான் விழுந்து காலை முறித்துக்கொள்கிறது.

இதைப் பற்றிய பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2002-ல் வெளியானது. 40,000-க்கும் மேற்பட்ட குதிரைகளின் பதிவுகளைப் பார்த்ததில், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவற்றில் 1.9 சதவீதம் ஏழு நாட்களுக்குள் இறந்திருந்தன. வயிற்று வலிக்கான அவசர அறுவைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 0.9 சதவீதம். அதாவது அப்படிப்பட்ட அவசரம் இல்லாமல் வந்த குதிரைகளிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று திரும்பவில்லை. 2021-ல் வெளியான அடுத்த ஆய்வில் மொத்த இறப்பு 1.0 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது: படுக்க வைக்காமல், நின்றபடியே அரைமயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை பெற்ற குதிரைகளில் இறப்பு 0.2 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இன்றைய குதிரை மருத்துவர்கள் போகும் திசையைத் தீர்மானிக்கிறது.

விழித்தெழும்போது வரும் ஆபத்தை உலகுக்குக் காட்டிய குதிரை ரஃபியன். ஓடிய பத்துப் பந்தயங்களையும் வென்ற கறுப்புப் பெண் குதிரை. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில், அந்த ஆண்டு கென்டக்கி டெர்பி வென்ற ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண் குதிரையோடு நேருக்கு நேர் ஓடியது. வழியில் வலது முன்னங்காலின் மூட்டுக்குப் பின்னாலுள்ள இரு சிறு எலும்புகளும் உடைந்தன. அன்றிரவே அறுவை செய்து கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது, படுத்த நிலையிலேயே பந்தயம் ஓடுவதுபோல் கால்களை வீசியது. கட்டு சிதறியது, பழுதுபார்த்த கால் மறுபடி நொறுங்கியது. 7-ஆம் தேதி அதிகாலை ஊசி போட்டு முடித்துவைத்தார்கள். குளத்தில் விழிக்க வைப்பது, தலையிலும் வாலிலும் கயிறு கட்டித் தாங்கி எழுப்புவது போன்ற முறைகளின் அருமை, ரஃபியனின் கதைக்குப் பிறகு குதிரை வளர்ப்பவர்களுக்குச் சொல்லாமலே புரிந்தது.

மூன்று காலில் வாழ முடியாது

நாய் மூன்று காலில் ஓடியாடி வாழும். குதிரையால் முடியாது. அதன் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. தோல், தசைநாண், எலும்பு மட்டும்தான். அடிபட்டால் அங்கே ரத்த ஓட்டம் எளிதில் அறுபடும்; புண் ஆறத் தாமதமாகும். மாதக்கணக்கில் படுத்து ஓய்வெடுக்கவும் அதற்கு வழியில்லை. ஆகவே அடிபட்ட காலின் சுமையையும் நல்ல கால் சேர்த்துச் சுமக்கிறது.

அங்கிருந்து வருவதுதான் குளம்பு அழற்சி. குளம்பின் உட்சுவரையும் உள்ளெலும்பையும் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய திசு மடிப்புகள், ஓயாத சுமையால் ரத்தம் குன்றி விடுபடத் தொடங்கும். எலும்பு குளம்புக்குள் சரியும். அந்த வேதனையைத் தாங்கி நிற்பது எந்தக் குதிரைக்கும் இயலாது.

பார்பரோவுக்கு நேர்ந்ததும் இதுவே. முறிந்த கால் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கூடிவந்த நேரத்தில், ஜூலையில், இடது பின்னங்காலில் குளம்பு அழற்சி வந்தது. குளம்புச் சுவரின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் போராடினார்கள். பிறகு முன்னங்கால் இரண்டிலும் அதே நோய் பரவியது. 2007 ஜனவரி 29 அன்று உரிமையாளர்களும் மருத்துவரும் சேர்ந்து அதற்கு விடைகொடுத்தார்கள். பார்பரோவை எலும்பு முறிவு கொல்லவில்லை. எட்டு மாதம் நிற்க வேண்டியிருந்ததே கொன்றது.

இனி ஓடவே போவதில்லை என்று தெரிந்த குதிரைக்கு ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அன்பு ஒரு காரணம். பார்பரோவின் உரிமையாளர்கள் செலவைக் கணக்குப் பார்க்கவில்லை. இன்னொரு காரணம் பொலிக்குதிரையாக அதற்கிருந்த எதிர்காலம். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1999-ல் டெர்பி, பிரீக்னஸ் இரண்டையும் வென்ற கரிஸ்மாட்டிக், மூன்று மகுடப் பந்தயங்களில் கடைசியான பெல்மாண்ட் பந்தயத்தில் இடது முன்னங்காலை முறித்துக்கொண்டது. ஜாக்கி கிறிஸ் ஆண்ட்லி குதித்து இறங்கி, அந்தக் காலை மண்ணில் படாமல் தன் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். எலும்பு மேலும் சிதறாமல் தப்பியது, அறுவை பலித்தது. கரிஸ்மாட்டிக் அமெரிக்காவிலும் பிறகு ஜப்பானிலும் பொலிக்குதிரையாக வாழ்ந்து 2017-ல்தான் இறந்தது.

தரோபிரட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஆண் குதிரையும் பெண் குதிரையும் நேரில் கூடிப் பிறந்த குட்டியை மட்டுமே உலகெங்கும் பதிவேட்டில் சேர்ப்பார்கள். கூடும்போது ஆண் குதிரையின் முழு எடையும் பின்னங்கால்களில் விழும். அதனால்தான் பார்பரோவின் பின்னங்கால் மூட்டை இறுக்கி ஒட்டவைத்தபோது, அது வெறுமனே நிற்குமா என்பதோடு, இணைசேரும் சுமையைத் தாங்குமா என்றும் யோசிக்க வேண்டியிருந்தது. மூட்டும் இனப்பெருக்கமும் இந்தத் தொழிலில் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

எட்டு மில்லிமீட்டர் வழியே

பந்தயக் குதிரைகளுக்கு வரும் மூட்டுக் கோளாறுகளில் பெரும்பாலானவை பார்பரோவுக்கு வந்ததைப்போல் பயங்கரமானவை அல்ல. வேகமாக ஓடும்போது முன்னங்கால் மூட்டின் ஓரத்தில் சிறு எலும்புச் சில்லு பெயர்ந்துவிடும். செருப்புக்குள் சிக்கிய சரளைக்கல்லைப்போல அது ஒவ்வொரு அடியிலும் உறுத்தி, பளபளப்பான குருத்தெலும்பைத் தேய்க்கும். வளரும் குட்டிகளுக்கு வேறொரு கோளாறு: வேகமான வளர்ச்சி, பரம்பரை, தீனி எல்லாம் சேர்ந்து, குருத்தெலும்பு முழுதாக எலும்பாக மாறாமல் ஏடாகக் கழன்று நிற்கும். பின்னங்கால் மூட்டுகளிலும் குளம்புக்கு மேலுள்ள மூட்டிலும் இது அதிகம் வரும்.

முன்பெல்லாம் இதற்கு மூட்டையே திறக்க வேண்டும். புண் ஆறுவதற்குள் மூட்டு இறுகிவிடும். இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் வேய்ன் மெக்கில்ரெய்த். நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சிறு துளை வழியே மூட்டுக்குள் பார்த்துச் செய்யும், மனிதர்களுக்கு வந்துவிட்ட ஆர்த்ரோஸ்கோபி முறையைக் குதிரையின் ஒவ்வொரு மூட்டுக்கும் பொருத்தி, எங்கே துளையிடுவது, எந்தக் கோணத்தில் பார்ப்பது என்று வரையறுத்தார். 1984-ல் அவர் எழுதிய பாடநூல் உலகெங்கும் குதிரை அறுவை மருத்துவர்களின் கையேடானது.

அறுவை அரங்கில் அது நடக்கும் விதம் இப்படி: குதிரை மல்லாந்து கிடக்கிறது, மழித்துக் கழுவிய கால் மேல்நோக்கி நிற்கிறது. முதலில் மூட்டுக்குள் திரவம் செலுத்தி அதை உப்ப வைக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கீறல். அதன் வழியே நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாய் நுழைகிறது. திரையில் குருத்தெலும்பு வெள்ளையாக, ஈரப் பளபளப்போடு விரிகிறது. கழன்ற இடம் மட்டும் மங்கலாக, நார்நாராகத் தெரியும். இன்னொரு பக்கத்துக் கீறல் வழியே இடுக்கி வருகிறது. கண் திரையில் இருக்க, இரு கைகளும் இரு திசையிலிருந்து ஒரே புள்ளியைத் தேடிச் சந்திக்க வேண்டும். சில்லைப் பற்றி, திருகி, வெளியே இழுத்து, அடியிலுள்ள எலும்பை நல்ல பகுதி தெரியும்வரை சுரண்டி, மூட்டைக் கழுவினால் வேலை முடிந்தது. இரண்டு தையல். திறமையுள்ளவர் கையில் படுக்கும் நேரம் குறைகிறது. நேரம் குறையக் குறைய எழுந்து நிற்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஒற்றை விதையோடு ஒரு வம்சம்

பார்பரோ கால் முறிந்த அதே பிரீக்னஸ் பந்தயத்தை வென்ற குதிரை பெர்னார்டினி. அதன் தந்தை ஏ.பி. இண்டி, பிறவியிலேயே ஒரு விதை கீழிறங்காத குதிரை. வயிற்றுக்குள் தங்கிவிட்ட அந்த விதையை அறுவை செய்து எடுத்தார்கள். மற்றது நலமாக இருந்ததால் அதை விட்டுவைத்தார்கள். 1992-ல் பெல்மாண்ட் பந்தயத்தையும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்று ஆண்டின் சிறந்த குதிரையான ஏ.பி. இண்டி, பிறகு மிஞ்சிய ஒரு விதையோடு அமெரிக்காவின் மிகப் பெரிய பொலிக்குதிரைகளுள் ஒன்றாகி, 31 வயதுவரை வாழ்ந்து 2020-ல் இறந்தது.

குட்டி பிறப்பதற்குச் சற்று முன்போ பிறந்த சில நாட்களிலோ விதைகள் பைக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கினால், உடல் சூட்டில் அது விந்தணு உண்டாக்காது. ஆனால் ஆண் ஹார்மோனை மட்டும் தொடர்ந்து சுரக்கும். வெளியே தெரியும் ஒரு விதையை மட்டும் எடுத்துக் காயடித்த குதிரையாக விற்றுவிட்டால், வாங்கியவர் வீட்டில் அது பெண் குதிரையைக் கண்டதும் கனைத்து முரண்டு பிடிக்கும். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவைப் பார்த்தே உள்ளே விதை ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிட முடிகிறது.

நம் ஊர்களில் காளைக்குக் காயடித்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். குதிரைக்கு வெளியிலுள்ள விதையை எடுப்பது அதுபோல் எளிதில் முடியும். வயிற்றுக்குள் ஒளிந்ததைத் தேடுவதுதான் கடினம். முன்பு படுக்க வைத்து, இடுப்புப் பக்கம் கீறி, விரலால் துழாவித் தேடுவார்கள். இப்போது பல மருத்துவமனைகளில் குதிரை நின்றுகொண்டே இருக்கிறது. ஒருநாள் பட்டினி போட்டுக் குடலைச் சுருங்க வைத்து, அரைமயக்க மருந்தில் தலை தாழ்ந்து நிற்கும்போது, விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, லேப்ராஸ்கோபிக் குழாயைச் செலுத்துகிறார்கள். வயிற்றில் வாயு நிரப்பியதும் திரையில் விதை தெரிகிறது. அதன் ரத்தக்குழாய்களை மின்சூட்டில் அடைத்து, வெட்டி, கீறலின் வழியே வெளியே எடுக்கிறார்கள். அன்றே குதிரை நடந்து லாயத்துக்குப் போகிறது.

2003-ல் டெர்பியும் பிரீக்னஸும் வென்ற ஃபன்னி சைடுக்கும் இதே கோளாறுதான். அதன் விஷயத்தில் வேறு முடிவு எடுக்கப்பட்டது, முழுதாகக் காயடித்துவிட்டார்கள். 1929-க்குப் பிறகு கென்டக்கி டெர்பியை வென்ற முதல் காயடித்த குதிரை அது. சிறு நகரத்துப் பள்ளி நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கிய அந்தக் குதிரையின் பந்தயத்துக்கு, அவர்கள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கிய காட்சியை அமெரிக்கா கொண்டாடியது. ஒரே பிறவிக் கோளாறு: ஒன்று வம்சத்தைத் தொடங்கியது, மற்றொன்றின் வம்சம் அதோடு நின்றது.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. விதை இறங்காமை பரம்பரையாக வரக்கூடும் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். தடை தாண்டும் போட்டிக்கும் அழகுநடைப் போட்டிக்கும் வளர்க்கப்படும் ஐரோப்பிய இனங்களில் பல பதிவேடுகள் இப்படிப்பட்ட குதிரையைப் பொலிக்கு ஏற்பதில்லை. பந்தய இனத்தில் அந்தத் தடை இல்லை. கத்தி தனிக் குதிரையின் குறையைத்தான் தீர்க்கிறது; வம்சத்துக்குள் போன குறையை அது தொடுவதில்லை.

பெண் குதிரையின் பாடு

பெண் குதிரைக்குச் செய்யப்படும் அறுவைகளில் மிகச் சிறியது ஒன்று, குதிரைப் பண்ணைகளின் வரலாற்றையே மாற்றியது. 1930-களில் கென்டக்கிப் பண்ணைகளில் சினைப்பிடிக்காத குதிரைகளைப் பரிசோதித்துவந்த காஸ்லிக் என்ற கால்நடை மருத்துவர், ஓர் எளிய உண்மையைக் கவனித்தார். வயதாலும் மெலிவாலும் உடலமைப்பாலும் ஆசனவாய் உள்வாங்கும்போது, கீழேயுள்ள பிறப்புறுப்பின் இதழ்கள் சாய்ந்து திறந்துகொள்கின்றன. அதன் வழியே காற்றும் லத்தியும் உள்ளே போய்க் கருப்பையில் தொற்று உண்டாக்குகின்றன. தீர்வாக, இதழ்களின் மேற்பகுதியைத் தைத்துவிடும் முறையை 1937-ல் எழுதினார்.

குதிரை நின்றபடி இருக்கும். இதழோரங்களில் மரத்துப்போகும் மருந்து ஏற்றியதும் அவை தடித்து நிற்கும். விளிம்பில் நூலளவு சளிச்சவ்வைக் கத்தரித்து, இரு ஓரங்களையும் மேலிருந்து கீழாகத் தைப்பார்கள். சிறுநீர் போகக் கீழ்ப்பகுதி திறந்திருக்கும். சில நிமிட வேலை. ஆனால் குட்டி ஈனும் நாளுக்கு முன்பு மறக்காமல் அதைப் பிரித்துவிட வேண்டும்; மறந்தால் பிரசவத்தில் கிழியும். பண்ணைகளில் ஒவ்வொரு பெண் குதிரையின் குறிப்பேட்டிலும் இந்தத் தேதியைக் குறித்துவைப்பதற்குக் காரணம் அதுதான்.

கிழிதல் இன்னொரு பெரும் துன்பம். குதிரையின் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். ஆனால் நீர்க்குடம் உடைந்த பிறகு குட்டி வெளிவர 20 முதல் 30 நிமிடம்தான்; அவ்வளவு வேகமான, பலமான உந்துதல். முதல் ஈற்றில் குட்டியின் முன்னங்குளம்பு பாதையின் மேற்சுவரைக் குத்திக்கொண்டு மலக்குடலுக்குள் போய்விட்டால், அடுத்த உந்துதலில் இரண்டு வழிகளும் ஒன்றாகக் கிழிந்துவிடும். உடனே தைத்தால் தங்காது. வீக்கம் வடிந்து, செத்த திசு உதிர்ந்து, புண்ணின் ஓரம் ஆறக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, நின்றபடியே, முதுகுத்தண்டின் வாலடியில் ஊசி போட்டு, மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே புதிதாகச் சுவர் எழுப்புகிறார்கள். கொலராடோவைச் சேர்ந்த ஏன்ஸ் 1964-ல் விவரித்த இரண்டு கட்ட முறை இன்றும் கையாளப்படுகிறது. தையல் பிடிக்குமா என்பதைப் பாதி தீர்மானிப்பது தீனி. லத்தி இளகலாக இருக்க வேண்டும். பசும்புல்லும் ஊறவைத்த தவிடும் கொடுத்து வாரக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் லாயக்காரரின் பொறுமை இல்லாவிட்டால், மருத்துவரின் தையல் வீண்.

பிரசவமே சிக்கினால் கடிகாரத்தோடுதான் போட்டி. குட்டியின் நீண்ட கழுத்தோ காலோ மடிந்துகொண்டால் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிரைக் குறைக்கும். கென்டக்கியின் லெக்ஸிங்டனைச் சுற்றியுள்ள பெரிய மருத்துவமனைகளில் பிரசவப் பருவம் முழுவதும் இதற்கென்றே ஆட்கள் இரவு பகலாகத் தயாராக இருப்பார்கள். தாய்க்கு மயக்கம் கொடுத்து, பின்னங்கால்களைப் பாரந்தூக்கியில் மேலே தூக்குவார்கள். குட்டி வயிற்றுக்குள் பின்வாங்கி, கையை நுழைத்துத் திருப்ப இடம் கிடைக்கும். கால் மணி நேரத்துக்குள் வராவிட்டால், அதே மயக்கத்தில் சிசேரியன். அதற்காக அடிவயிற்றை மழித்துச் சுத்தப்படுத்தும் வேலை ஏற்கெனவே ஒருபுறம் நடந்துகொண்டிருக்கும்.

சினைப்பைக் கட்டியும் குதிரைக்கு வரும். ஒரு சினைப்பை வீங்கிப் பெருக்க, மற்றது சுருங்கித் தூங்கிவிடும். கட்டி சுரக்கும் ஹார்மோனால் சாதுவான பெண் குதிரை ஆண் குதிரையைப்போல் சீறும். அல்லது ஆண்டு முழுக்கச் சினைப்பருவத்துக்கே வராது. பண்ணைக்காரர்கள் குணக்கேடு என்று நினைத்து அடித்துத் திருத்தப் பார்த்த குதிரைகள் எத்தனையோ. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இப்போது உண்மையைச் சொல்லிவிடுகின்றன. நின்றபடியே லேப்ராஸ்கோபியில் கட்டியை எடுத்த சில மாதங்களில் தூங்கிய சினைப்பை விழித்துக்கொள்கிறது. அந்தக் குதிரைகளில் பல மறுபடி தாயாகின்றன.

குதிரையிடமிருந்து மனிதருக்கு

ஏ.பி. இண்டியின் தந்தை சியாட்டில் ஸ்லூ. 1977-ல் தோல்வியே காணாமல் மூன்று மகுடப் பந்தயங்களையும் வென்ற குதிரை. வயதான காலத்தில் அதன் கழுத்து மூட்டுகள் தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தின; கால்கள் தடுமாறின. கழுத்து எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் அறுவையை 2000-லும் 2002-லும் செய்தார்கள். முதல் அறுவைக்குப் பிறகு நன்றாகத் தேறியது. 2002 மே 7 அன்று, தன் டெர்பி வெற்றியின் 25-ஆம் ஆண்டு நாளில், உறக்கத்தில் இறந்தது.

அந்த அறுவைக்குப் பின்னால் மனிதர்களும் கடன்பட்டிருக்கும் கதை ஒன்று உண்டு. 1970-களில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குதிரை மருத்துவர்கள், ஸ்போகேன் நகரத்து எலும்பு மருத்துவர் ஜார்ஜ் பாக்பியோடு சேர்ந்து, தடுமாறும் குதிரைகளின் கழுத்தை இணைக்க வழி தேடினார்கள். இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி வைத்தால் அந்தப் புண்ணே குதிரையை முடக்கிவிடும். பாக்பி, துளைகள் கொண்ட எஃகுக் கூடு ஒன்றைச் செய்தார். துளையிடும்போது வரும் எலும்புத் தூளையே அதற்குள் அடைத்து, இரு எலும்புகளுக்கு இடையில் பொருத்தினார்கள். குதிரைகள் மயக்கம் தெளிந்து எழுந்து நின்றன. அந்தக் கூட்டின் வழிவந்த கருவிக்கு 1996-ல் மனித முதுகெலும்பு அறுவைக்கான அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

மூட்டிலும் இதுதான் நடந்தது. கழன்ற குருத்தெலும்புக்கு அடியில் சிறு துளைகளிட்டுப் புதுத் திசுவை வளர வைக்கும் முறையைக் கொலராடோவின் வேய்ல் நகரத்து முழங்கால் மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் உருவாக்கினார். அது உண்மையில் பயன் தருகிறதா என்பதைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் குதிரைகளில் ஆராய்ந்தது. குதிரையின் முழங்கால் குருத்தெலும்பு மனிதருடையதை ஒத்த தடிமன் கொண்டது என்பதால் அந்த முடிவுகளுக்கு மதிப்பு இருந்தது.

முறிவதற்கு முன்

இத்தனைக்குப் பிறகும் குளம்பு அழற்சிக்கு உறுதியான மருந்து கிடைக்கவில்லை. பார்பரோவை முந்திச் சென்று பிரீக்னஸ் வென்ற பெர்னார்டினியும் 2021-ல் அதே நோயால்தான் இறந்தது. ஆகவே முறிந்த பிறகு சரிசெய்வதைவிட, சரிசெய்யும் வேலையைச் சிறிதாக்குவதில்தான் இப்போது கவனம் குவிகிறது.

இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பந்தய நகரத்தில், மூட்டுக்குள் ஓடும் மயிரிழை விரிசல்களைக் குதிரை நின்றுகொண்டிருக்கும்போதே திருகு போட்டு இறுக்குகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் தலை தொங்க நிற்கும் குதிரையின் காலை மட்டும் மரக்க வைத்து, எக்ஸ்ரே பார்த்தபடி துளையிட்டு முடிக்கிறார்கள்.  குளமும் இல்லை, பாரந்தூக்கியும் இல்லை. ஆனால் இது விரிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் மட்டுமே சாத்தியம்.

கண்டுபிடிக்கும் கருவிகளும் குதிரையை நிற்க வைத்தே வேலை செய்யத் தொடங்கிவிட்டன. கலிபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரையிலான பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. மைதானத்தையே மூட வேண்டும் என்று மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முயற்சியால், குதிரை நின்றபடியே காலை ஸ்கேன் செய்யும் பெட் (PET) கருவி அங்கே வந்தது. காலை வளையம்போல் சூழும் அந்தக் கருவி, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத நிலையிலேயே, ரஃபியனுக்கு உடைந்த அதே சிறு எலும்புகளில் உளைச்சல் தொடங்கியிருப்பதைக் காட்டிவிடுகிறது. 2022 ஜூலையில் அமெரிக்கா முழுமைக்குமான குதிரைப் பந்தயப் பாதுகாப்பு ஆணையமும் செயல்படத் தொடங்கியது.

அப்படி உளைச்சல் தெரிந்த குதிரைக்கு அறுவையே தேவையில்லை. பயிற்சியை நிறுத்தி, சில மாதம் ஓய்வு கொடுத்தால் எலும்பு தானே தேறும். அதற்கு உரிமையாளர் அந்தப் பருவத்தின் பரிசுப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் அடுத்த பந்தயத்தின் பட்டியலிலிருந்து குதிரையின் பெயரை எடுக்க வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படும் இடம் அறுவை அரங்கு அல்ல, லாயம். அங்கே நல்ல முடிவு கிடைக்க வேண்டும் என்றால், ஸ்கேன் படத்தைப் பார்த்து ஓடக் கூடாது என்று சொல்லும் மருத்துவரின் சொல்லுக்குப் பந்தய மைதானங்கள் கட்டாய அதிகாரம் கொடுக்க வேண்டும்.